சேட்டை ரத்தத்தில் இருக்கிறதா?

உங்கள் மகன் வகுப்பில் ஓரிடத்தில் உட்காருவதில்லை. பக்கத்துப் பிள்ளையைக் கிள்ளுகிறான். எழுதச் சொன்னால் பென்சிலைக் கடிக்கிறான். பள்ளியிலிருந்து சொல்லி அனுப்புகிறார்கள். "நாளைக்கு வந்து டீச்சரைப் பாருங்கள்" என்கிறார்கள். நீங்கள் அரை நாள் கூலியை விட்டுவிட்டுப் போகிறீர்கள்.

வீடு திரும்பியதும் என்ன பேச்சு வரும்?

"அப்படியே அவன் அப்பனை உரிச்சு வச்சிருக்கான்" என்பார் அம்மாவைப் பெற்ற பாட்டி. "உன் தம்பி புத்திதான் இவனுக்கு வந்திருக்கு" என்பார் அப்பா. "கண்ணு பட்டிருக்கு, மாஹிம் தர்காவுக்குக் கூட்டிட்டுப் போய் மந்திரிச்சிட்டு வா" என்பார் பக்கத்து வீட்டு அக்கா. "நாலு போடு போட்டா சரியாயிடும்" என்று சொல்லவும் ஒருவர் இருப்பார்.

இந்தப் பேச்சுகளில் பாதி ஒரே கருத்தைத்தான் சொல்கின்றன. குணம் பரம்பரையாக வருகிறது, ரத்தத்தில் ஊறியது, மாறாது என்கின்றன. நம் மொழியில் இதற்குப் பழமொழிகளுக்கும் குறைவில்லை.

இப்போது இந்தப் பழைய பேச்சு புது உடுப்பு போட்டு வந்திருக்கிறது. அதன் பெயர் மரபணுச் சோதனை. ஆங்கிலத்தில் ஜீன் என்பதைத் தமிழில் மரபணு என்கிறோம். "குழாயில் கொஞ்சம் எச்சில் துப்பிக் கொடுங்கள். உங்கள் பிள்ளையின் குணம், திறமை எல்லாம் சொல்லிவிடுகிறோம்" என்று கைபேசியில் விளம்பரம் வருகிறது. பள்ளியில் சேட்டை செய்கிற பிள்ளைகளுக்கு இப்படிச் சோதனை செய்தால் என்ன என்று படித்தவர்களும் கேட்கிறார்கள். எங்கள் தாராவி வகுப்பில் இதைப் பற்றி இரண்டு நாள் பேசினோம். அங்கே வந்த கேள்விகளுக்கு விடை தேடித்தான் இந்தப் பாடத்தை எழுதியிருக்கிறேன்.

ஜீன் என்றால் என்ன?

நம் உடம்பு கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான அணுவறைகளால் ஆனது. இவற்றைச் செல் என்கிறார்கள். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் நூல் போன்ற சில பொருள்கள் இருக்கின்றன. இவற்றின் பெயர் குரோமோசோம். மனிதருக்கு மொத்தம் 46. அம்மாவிடமிருந்து 23 வருகிறது. அப்பாவிடமிருந்து 23 வருகிறது. ஆகவே பிள்ளையின் குணத்துக்கு ஒரு பக்கத்துச் சொந்தத்தை மட்டும் திட்டுவது கணக்குப்படி தப்பு.

இந்த நூல்களில் ஏறத்தாழ 20,000 ஜீன்கள் வரிசையாக இருக்கின்றன. தோல் நிறம், உயரம், ரத்த வகை என்று பலவற்றுக்கும் குறிப்பு இவற்றில் இருக்கிறது. மனித ஜீன்கள் முழுவதையும் படித்தெடுக்கும் வேலையைப் பல நாட்டு விஞ்ஞானிகள் சேர்ந்து செய்தார்கள். 2003-ல் அந்த வேலை முடிந்ததாக அறிவித்தார்கள். அதற்குப் பிறகுதான் இந்தச் சோதனைகளின் விலை வேகமாக இறங்கியது. விலை இறங்கியதும் விற்பவர்கள் பெருகினார்கள்.

சோதனை செய்வது எளிது. கொஞ்சம் ரத்தமோ எச்சிலோ போதும். அதிலிருந்து என்ன தெரியும் என்பதுதான் கேள்வி.

சிலவற்றில் தெளிவாகத் தெரியும். டவுன் குறைபாடு என்று ஒன்று உண்டு. முகம் தட்டையாகவும் கண் சற்று மேல்நோக்கியும் இருக்கும். அறிவு வளர்ச்சி மெதுவாக இருக்கும். அப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு 46-க்குப் பதில் 47 குரோமோசோம் இருக்கிறது என்று 1959-ல் பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானிகள் காட்டினார்கள். இன்னொன்று ஃப்ராஜைல் எக்ஸ். இதற்குக் காரணமான ஜீனை 1991-ல் கண்டுபிடித்தார்கள். இந்தக் குறை உள்ள பையன்கள் பலர் பேசத் தாமதிப்பார்கள். படபடவென்று இருப்பார்கள். யார் கண்ணையும் நேராகப் பார்க்க மாட்டார்கள். "திமிர் பிடித்தவன்" என்று பள்ளியில் பெயர் வாங்குவார்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு டாக்டர் சொல்லிச் சோதனை செய்தால் நன்மை உண்டு. அடி நிற்கும். சரியான பயிற்சி தொடங்கும். அடுத்த பிள்ளைக்கும் வருமா என்று தாய் தெரிந்துகொள்ளலாம்.

ஆனால் பள்ளியிலிருந்து புகார் வருகிற பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் இந்த வகை அல்லர். துறுதுறுவென்று இருப்பவன், கவனம் நிற்காதவன், கோபக்காரன், பொய் சொல்பவன் என்று பலவிதம். இவர்களில் சிலருக்கு ஏ.டி.எச்.டி. என்ற கோளாறு இருக்கலாம். கவனம் நிற்காது, துடிப்பு அதிகம். இது குடும்பத்தில் வரக்கூடியதுதான். இரட்டைப் பிள்ளைகளை வைத்துச் செய்த பல ஆய்வுகள் அதைக் காட்டுகின்றன. ஆனால் இதற்கு ஒரு ஜீன் பொறுப்பு இல்லை. மிகப் பல ஜீன்கள் ஒவ்வொன்றும் கடுகளவு பங்கு சேர்க்கின்றன. ஆகையால் ரத்தத்தைச் சோதித்து "இந்தப் பிள்ளைக்கு ஏ.டி.எச்.டி." என்று சொல்லும் மரபணுச் சோதனை இன்று வரை உலகில் எங்கும் கிடையாது. பிள்ளையைப் பார்த்து, பெற்றோரிடம் கேட்டு, ஆசிரியரிடம் கேட்டுத்தான் டாக்டர் முடிவு சொல்வார். இருக்கிறது என்று விற்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

ஜீனும் வளர்ப்பும் எப்படிச் சேர்கின்றன? தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் குடும்பங்களைக் கேளுங்கள். ஒரே மூட்டை அரிசி, ஒரே உளுந்து. வெயில் காலத்தில் மாவு சீக்கிரம் பொங்கி வழியும். ஜனவரிக் குளிரில் விடிய விடிய வைத்தாலும் பொங்காது. சாக்கைப் போர்த்தி வைப்பார்கள். அரிசியையும் உளுந்தையும் மட்டும் சோதித்துப் பார்த்து, நாளைக் காலை இட்லி எப்படி வரும் என்று யாராவது சொல்ல முடியுமா? அரிசி முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. புழுங்கல் அரிசிக்குப் பதில் பாசுமதியைப் போட்டால் இட்லி வராது.

பாஸ்டன் நகரத்தில் நடந்தது

குணத்துக்காகப் பிள்ளைகளைச் சோதிக்கும் யோசனை புதிதல்ல. அமெரிக்காவில் ஒருமுறை செய்து பார்த்தார்கள்.

பெண்ணுக்கு இரண்டு எக்ஸ் குரோமோசோம். ஆணுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். சில ஆண்களுக்கு ஒய் ஒன்று கூடுதலாக, அதாவது இரண்டு இருக்கும். பிறக்கும் ஆயிரம் ஆண் குழந்தைகளில் ஏறத்தாழ ஒன்றுக்கு இப்படி. 1965-ல் ஸ்காட்லாந்தில் ஒரு காவல் மருத்துவமனையில் இருந்த ஆண்களைச் சோதித்தார்கள். 197 பேரில் 7 பேருக்கு இந்தக் கூடுதல் ஒய் இருந்தது. உடனே பத்திரிகைகள் "குற்ற குரோமோசோம்" என்று எழுதத் தொடங்கின. 1966-ல் சிகாகோ நகரத்தில் 8 செவிலியர்களை ஒருவன் கொன்றான். அவனுக்கும் இரண்டு ஒய் இருப்பதாகச் செய்தி பரவியது. பிறகு சோதித்துப் பார்த்தால் அவனுக்கு எல்லா ஆண்களையும் போல ஒரே ஒய்தான். ஆனால் பொய்ச் செய்தி ஓடிய வேகத்தில் மெய்ச் செய்தி ஓடவில்லை.

1968-லிருந்து பாஸ்டன் நகரத்து மருத்துவமனை ஒன்றில் பிறந்த ஆண் குழந்தைகளின் குரோமோசோமைச் சோதித்தார்கள். கூடுதல் ஒய் உள்ள குழந்தைகள் வளர வளர எப்படி நடந்துகொள்கிறார்கள் என்று பார்ப்பதுதான் திட்டம். பெற்றோருக்கும் விஷயத்தைச் சொன்னார்கள்.

இங்கேதான் தகராறு வந்தது. சில விஞ்ஞானிகளே எதிர்த்தார்கள். "உன் மகனுக்குக் குற்ற குரோமோசோம் இருக்கலாம் என்று தாயிடம் சொன்னால், அந்தத் தாய் அவனை எப்படி வளர்ப்பாள்? அவன் ஒரு பொம்மையை உடைத்தாலும் பயந்து சாவாள். அந்தப் பயமே பிள்ளையைக் கெடுக்கும்" என்பது அவர்கள் வாதம். பிரசவத்துக்கு வந்து படுத்திருக்கும் தாயிடம் சம்மதம் வாங்குவது சரியல்ல என்றும் சொன்னார்கள். 1975-ல் சோதனையை நிறுத்தினார்கள். அடுத்த ஆண்டே டென்மார்க் நாட்டில் செய்த ஓர் ஆய்வு வெளிவந்தது. கூடுதல் ஒய் உள்ளவர்கள் கொலைகாரர்களாக இருக்கிறார்கள் என்பதற்கு அதில் ஆதாரம் கிடைக்கவில்லை. அப்படிப் பிறந்த பலர் தமக்கு அது இருப்பது தெரியாமலே வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, பேரன் பேத்தி எடுத்துவிடுகிறார்கள்.

அந்தத் தாய்மார்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். நம் ஊரில் ஜாதகம் பார்த்து "இந்தப் பிள்ளை குடும்பத்துக்கு ஆகாது" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு வீட்டில் கிடைக்கும் சோற்றின் அளவே மாறிப்போகும்.

நம் நாட்டுக் கதை

"குற்றம் ரத்தத்தில் இருக்கிறது" என்ற எண்ணத்தை நம் நாட்டில் சட்டமாகவே போட்டார்கள். வெள்ளையர் ஆட்சியில் 1871-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் வந்தது. சில சாதிகளில் பிறந்தவர் எல்லாரும் பிறவியிலேயே திருடர் என்று அந்தச் சட்டம் கருதியது. 1911-க்குப் பிறகு அது சென்னை மாகாணத்துக்கும் வந்தது. மதுரைப் பக்கத்தில் இதை ரேகைச் சட்டம் என்றார்கள். ஆண்களின் விரல் ரேகையைப் பதிவு செய்தார்கள். ராத்திரியில் காவல் நிலையத்தில் ஆஜராகச் சொன்னார்கள். 1920 ஏப்ரல் 3-ந் தேதி பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீசார் சுட்டார்கள். ஒரு பெண் உள்படப் பதினைந்துக்கு மேற்பட்டோர் செத்தார்கள்.

இந்தச் சட்டத்தில் பிள்ளைகளைப் பற்றியும் உண்டு. 1897-ல் செய்த திருத்தம், 4 வயது முதல் 18 வயது வரையுள்ள பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தனி விடுதியில் வைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. நாலு வயதுப் பிள்ளை என்ன குற்றம் செய்திருக்கும்? பிறந்ததே குற்றம் என்றார்கள்.

சென்னை மாகாணத்தில் 1947-ல் இந்தச் சட்டம் ஒழிந்தது. நாடு முழுவதும் 1952 ஆகஸ்ட் 31-ந் தேதி ஒழிந்தது. மராட்டிய மாநிலத்திலும் இப்படிப் பட்டியலில் இருந்து விடுபட்ட சமூகங்கள் பல உண்டு. பார்தி, கைக்காடி போன்றவை. கைக்காடி மக்களின் பேச்சு நம் தமிழோடு உறவுள்ளது. மும்பையில் பாலத்தடியிலும் நடைபாதையிலும் பார்தி குடும்பங்களைப் பார்க்கலாம். வகுப்பில் ஒரு பென்சில் பெட்டி காணாமல் போனால் அந்தப் பிள்ளையின் பையைத்தான் முதலில் திறந்து பார்ப்பார்கள் என்று ஓர் ஆசிரியை வருத்தத்தோடு சொன்னார். தாராவி என்று முகவரி சொன்னால் நம் பிள்ளைகளைப் பார்க்கும் பார்வையும் கொஞ்சம் அப்படித்தான். அது நமக்குத் தெரியாததல்ல.

விரல் ரேகை வியாபாரம்

அன்று ரேகை எடுத்தது போலீஸ். இன்று ரேகை எடுப்பது வியாபாரி. "பத்து விரலின் ரேகையைக் கொடுங்கள், மூளையின் திறமையைச் சொல்கிறோம்" என்று சில கம்பெனிகள் பள்ளிகளுக்கு வருகின்றன. இதை டி.எம்.ஐ.டி. என்பார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் இதற்காகப் பெற்றோர் கூட்டமே போட்டார்கள். எங்கள் வகுப்புக்கு வரும் ஓர் அம்மா அங்கே சில ஆயிரம் ரூபாய் கட்டினார். வண்ணப் படங்களோடு முப்பது பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் கொடுத்தார்கள். முழுக்க ஆங்கிலம். "கோபம் வரும், ஆனால் அன்பானவன்" என்று அதில் ஓரிடத்தில் எழுதியிருந்தது. இதைச் சொல்ல விரல் எதற்கு? அந்த அம்மாவே இலவசமாகச் சொல்லியிருப்பார்.

விரல் ரேகையை வைத்துப் பிள்ளையின் அறிவையோ குணத்தையோ சொல்ல முடியாது, இதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை என்று இந்திய மனநல மருத்துவர் சங்கம் அறிவித்திருக்கிறது. ஆனாலும் வியாபாரம் நடக்கிறது.

மக்கள் என்ன நினைக்கிறார்கள்?

எங்கள் வகுப்பில் பேசியபோது எல்லாரும் ஒரே பக்கம் நிற்கவில்லை.

"சோதனை வரட்டும் டீச்சர். எல்லாத்துக்கும் தாயைத்தானே சொல்றாங்க? வளர்ப்பு சரியில்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்துட்டேன்னு. மெஷினே சொல்லிட்டா என் மேல பழி போகும்ல?" என்றார் ஒருவர். இவர் தோல் பட்டறையில் வேலை செய்பவர். இந்த வாதத்தை நான் லேசாகத் தள்ள மாட்டேன். மாமியார் வாயை அடைக்க ஒரு காகிதம் கிடைத்தால் எந்தப் பெண்தான் வேண்டாம் என்பாள்?

உடனே இன்னொருவர் கேட்டார். "அந்தக் காகிதம் பெண்ணு பார்க்க வர்றவங்க கையில போனா? அண்ணனுக்குக் கோளாறுன்னு தங்கச்சியைக் கட்ட மாட்டாங்க." செம்பூர் திலக் நகரில் வீட்டு வேலை செய்யும் அக்கா வேறு கோணத்தில் பேசினார். "நான் வேலை செய்யற வீட்டுல பிள்ளை சேட்டை பண்ணினா டாக்டர்கிட்ட போறாங்க. எங்க பிள்ளை சேட்டை பண்ணினா போலீஸ்ங்கறாங்க. சோதனை வந்தாலும் அவங்களுக்கு வைத்தியம், நமக்குப் பட்டம்."

மாட்டுங்காவில் பழக்கடை வைத்திருக்கும் பெரியவர், "ஸ்கூலுக்கு ஒரு சாக்கு கிடைக்கும், அவ்வளவுதான்" என்றார். சொல்லிக் கொடுக்க முடியவில்லை என்பதற்குப் பதில் "இவன் ஜீன் சரியில்லை" என்று எழுதிவிடலாம். அறுபது பிள்ளைக்கு ஒரு டீச்சர் என்றால் யார் ஜீன் சரியாக இருந்து என்ன பயன் என்றும் கேட்டார்.

இந்த இரண்டு பக்கமும் உண்மை என்று ஆய்வுகளும் காட்டுகின்றன. இப்படிப்பட்ட பல ஆய்வுகளை ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் 2013-ல் தொகுத்துப் பார்த்தார்கள். மனக் கோளாறுக்குக் காரணம் உடம்பிலும் ஜீனிலும் இருக்கிறது என்று நம்புகிறவர்கள், அந்த மனிதரைக் குறை சொல்வது குறைவு. ஆனால் அதே ஆட்கள்தான் "இது இனிமேல் தேறாது" என்று கை கழுவுவதும் அதிகம். பழி போகிறது, நம்பிக்கையும் போகிறது.

காகிதம் வேறு கைக்குப் போனால் என்ன ஆகும்? 2012-ல் அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தில் ஒரு குடும்பம் மகனைப் பள்ளியில் சேர்த்தது. மருத்துவப் படிவத்தில், சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற நுரையீரல் நோயின் ஜீன் அடையாளம் அவனுக்கு இருப்பதாக நேர்மையாக எழுதினார்கள். அவனுக்கு நோய் இல்லை. பிறந்தபோது செய்த சோதனையில் தெரிந்தது, அவ்வளவுதான். அந்தச் செய்தி பள்ளிக்குள் பரவியது. அதே நோய் உள்ள பிள்ளைகள் அங்கே படித்தார்கள். அப்படிப்பட்ட பிள்ளைகள் அருகருகே இருந்தால் ஒருவர் கிருமி மற்றவருக்கு ஆபத்து. ஆகவே அவனை வேறு பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். நோயே இல்லாத பிள்ளை! பெற்றோர் வழக்குப் போட்டார்கள். அமெரிக்காவில் ஜீனைக் காட்டி வேலையோ மருத்துவக் காப்பீடோ மறுக்கக் கூடாது என்று 2008-ல் சட்டம் வந்திருந்தது. அந்தச் சட்டத்தில் பள்ளிக்கூடம் என்ற சொல் விட்டுப்போயிருந்தது. நம் நாட்டிலோ அப்படித் தனிச் சட்டமே இல்லை.

ரத்தத்தில் தேட வேண்டிய வேறு பொருள்கள்

பிள்ளையின் ரத்தத்தைச் சோதிக்கவே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜீனைத் தேடுவதற்கு முன்னால் தேட வேண்டியவை இரண்டு இருக்கின்றன.

ஒன்று இரும்புச் சத்து. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. அந்தப் பிள்ளைகள்தான் நாளை பள்ளிக்கு வருகிறார்கள். ரத்தசோகை உள்ள பிள்ளை சோர்ந்து கிடக்கும், எரிந்து விழும், கவனிக்காது. டீச்சர் "சோம்பேறி" என்பார். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் இரும்புச் சத்து மாத்திரையைச் சின்னப் பிள்ளைகளுக்கு ரோஸ் நிறத்திலும் பெரிய பிள்ளைகளுக்கு நீல நிறத்திலும் கொடுப்பார்கள். "வயிறு வலிக்கும்" என்று நம்மில் பலர் அதைத் தூக்கி எறியச் சொல்கிறோம். சாப்பிட்ட பிறகு விழுங்கினால் அந்த வலி பெரும்பாலும் வராது. பூச்சி மாத்திரையும் அப்படியே. பிப்ரவரி 10-ந் தேதி குடற்புழு நீக்க நாள்.

மற்றொன்று ஈயம். இதைப் பற்றி நம் பகுதியில் பேசுவதே இல்லை. ஈயம் உடம்பில் சேர்ந்தால் பிள்ளையின் மூளையைப் பாதிக்கும். கவனம் சிதறும். படபடப்பும் முரட்டுத்தனமும் வரும். படிப்பு ஏறாது. இந்த அறிகுறிகளைப் படித்துப் பாருங்கள், டீச்சர் சொன்ன புகார் போலவே இருக்கும்! ஒரு காலத்தில் பெட்ரோலில் ஈயம் கலந்தார்கள். அந்தப் புகையை நாம் எல்லாரும் மூச்சில் இழுத்தோம். 1990-களின் கடைசியில் மும்பை உள்பட ஏழு நகரங்களில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 12 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் பாதிப் பேருக்கு மேல் ஈயம் அதிகமாக இருந்தது. 2000-ம் ஆண்டு முதல் ஈயம் கலந்த பெட்ரோலை நாடு முழுவதும் நிறுத்தினார்கள். சாயத்துக்கும் 2017 நவம்பர் முதல் கட்டுப்பாடு உண்டு. பத்து லட்சம் பங்கு சாயத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது.

ஆனால் ஈயம் முழுக்கப் போய்விடவில்லை. பழைய பேட்டரி உடைக்கும் இடம், கம்பி உருக்கும் இடம், எலெக்ட்ரிக் சாமான் பிரிக்கும் இடம், பழைய சாயம் உதிரும் சுவர், சில வகை சுர்மா, கலப்பட மஞ்சள் பொடி ஆகியவற்றில் ஈயம் இருக்கலாம். பட்டறையில் வேலை செய்பவர் வீட்டுக்கு வந்ததும் சட்டையை மாற்றி, கை கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்க வேண்டும். உடம்பில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்று ரத்தப் பரிசோதனையில் தெரியும். தாராவியில் இது தெருவில் கிடக்கும் ஆபத்து. தாத்தா பாட்டியிடமிருந்து வந்தது அல்ல.

ரத்தம் இல்லாமலே தெரிந்துகொள்ளக் கூடியவையும் உண்டு. காதில் சீழ் வடியும் பிள்ளைக்கு டீச்சர் சொல்வது பாதிதான் கேட்கும். கண் மங்கிய பிள்ளை பலகையைப் படிக்க முடியாமல் பக்கத்துப் பையனோடு பேசும். பத்துக்குப் பத்து அறையில் ஏழு பேர் படுத்து, ராத்திரி பன்னிரண்டு வரை டி.வி. ஓடி, விடியற்காலை குழாய்த் தண்ணீருக்கு எழுந்த பிள்ளை வகுப்பில் எப்படி இருக்கும்? வீட்டில் தமிழ், தெருவில் ஹிந்தி, பள்ளியில் மராத்தியோ ஆங்கிலமோ என்றால் முதல் இரண்டு வருஷம் பிள்ளை பாதி புரியாமலே உட்கார்ந்திருக்கும். புரியாத இடத்தில் மூன்று மணி நேரம் சும்மா உட்காரப் பெரியவர்களாலேயே முடியாது.

எழுத்து மட்டும் குழம்புகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாயால் கேட்டால் டாண் டாண் என்று பதில் வரும், எழுதினால் தலைகீழாக வரும். 2007-ல் வந்த 'தாரே ஜமீன் பர்' படத்தில் வரும் பையனுக்கு இருந்தது இந்தக் கற்றல் குறைபாடுதான். மராட்டிய அரசு 1996-லிருந்தே இந்தப் பிள்ளைகளுக்குப் பரீட்சையில் கூடுதல் நேரம் முதலிய சலுகை தருகிறது. 2016-ம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் சட்டத்திலும் இது சேர்ந்திருக்கிறது. ஆனால் தமிழ் வழியில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலத்தில் வாசிக்கச் சொல்லிச் சோதித்தால் கணக்குத் தப்பும். பிள்ளை எந்த மொழியில் படிக்கிறது என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

எங்கே போவது, எதில் கையெழுத்துப் போடுவது?

தாராவிக்கு எதிரிலேயே இருக்கிறது சயான் மருத்துவமனை. அதன் முழுப்பெயர் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது மருத்துவமனை. முதலில் குழந்தைகள் பிரிவில் சீட்டு எடுத்துக் காட்டுங்கள். கண், காது, ரத்தசோகை இவற்றைப் பார்த்த பிறகு, தேவை என்றால் மனநலப் பிரிவுக்கோ கற்றல் குறைபாட்டுப் பிரிவுக்கோ அவர்களே எழுதித் தருவார்கள். மனநலப் பிரிவு என்றதும் பலர் திரும்பி வந்துவிடுகிறார்கள். அது பைத்தியத்துக்கு மட்டும் உள்ள இடம் அல்ல. பரேலில் கே.இ.எம். மருத்துவமனையும் வாடியா குழந்தைகள் மருத்துவமனையும் இருக்கின்றன. ஜீன் சோதனை உண்மையில் தேவையா என்பதை அங்கே உள்ள டாக்டர்கள் சொல்ல வேண்டும், பள்ளி அல்ல. பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் பிள்ளைகளைப் பார்க்க மருத்துவக் குழு வரும் திட்டமும் உண்டு. 2013-ல் நம் மாநிலத்தில் பால்கரில்தான் அதைத் தொடங்கிவைத்தார்கள். குழு வரும் நாளில் பிள்ளையை வீட்டில் நிறுத்திவைக்காதீர்கள்.

பள்ளி என்ன செய்யக் கூடாது என்பதைக் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது. இது 2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. பிள்ளையைச் சேர்க்கும்போது பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தேர்வு, சோதனை வைத்து வடிகட்டக் கூடாது. மீறினால் முதல் முறை 25,000 ரூபாய் வரை அபராதம், பிறகு ஒவ்வொரு முறைக்கும் 50,000 வரை. பிள்ளையை அடிக்கக் கூடாது. மனம் நோகச் செய்யக் கூடாது. எட்டாம் வகுப்பு முடியும் வரை பெயரை வெட்டி வெளியே அனுப்பக் கூடாது. சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அங்கே படிக்கும் நம் பிள்ளைகளுக்காகத் தனியே கேட்டுப் பேச வேண்டியிருக்கிறது.

யாராவது பள்ளியில் ரத்தமோ எச்சிலோ விரல் ரேகையோ கேட்டால், கொடுப்பதற்கு முன் இவற்றைக் கேளுங்கள். எந்த நோய்க்காக இந்தச் சோதனை? எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தார்? நோய் இருப்பதாக வந்தால் என்ன வைத்தியம்? முடிவுக் காகிதத்தை யார் யார் பார்ப்பார்கள், பள்ளியில் வைப்பார்களா? எடுத்த ரத்தத்தை வேறு எதற்கும் பயன்படுத்துவார்களா? வேண்டாம் என்றால் பிள்ளையின் படிப்புக்கு ஏதும் ஆகுமா?

சம்மதப் படிவம் மராத்தியிலோ ஆங்கிலத்திலோ இருந்தால், தமிழில் படித்துச் சொல்லச் சொல்லுங்கள். அங்கே ஆள் இல்லை என்றால் படிவத்தை வீட்டுக்கு வாங்கி வாருங்கள், வகுப்புக்குக் கொண்டுவாருங்கள், சேர்ந்து படிக்கலாம். "இன்றைக்கே போடுங்கள்" என்று அவசரப்படுத்தினால் போடாதீர்கள். போட்டால் தேதியையும் எழுதி, ஒரு நகல் எடுத்து, ரேஷன் கார்டு வைக்கும் பையில் வையுங்கள். போட்ட பிறகு மனம் மாறினால், சம்மதத்தைத் திரும்பப் பெறுவதாக ஒரு தாளில் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு நாலு வரி போதும்.